குதிரைக்கு நா வழங்கிய நங்கை

உலகில் புகழ் பெற்றோர் பலர் உளர். நாடு வென்று புகழ் பெற்றோர் சிலர். நாவன்மையால் புகழ் பெற்றோர் சிலர். நூல் பல எழுதிக் குவித்துப் புகழ் பெற்றோர் சிலர். இவற்றுள் எதனையும் செய்யாத ஒரு பெண்மணி, பதினான்கு வயதில் நடக்கும் ஆற்றலை இழந்தார். வாழ்நாள் முழுவதும் பெற்றோருடன் ஒடுங்கி வாழ்ந்தார். ஒரே ஒரு நூல் எழுதினார். அந்நூல் வெளிவந்த ஐந்து திங்களில் மறைந்தார். ஆயினும் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் வண்டி இழுத்த எண்ணற்ற குதிரைகளின் கழுத்து அவரால் நோவு நீங்கிற்று. அவர் பெயர் அன்னா சூவெல். அவர் எழுதிய நூல் ‘பிளாக் பியூட்டி’, அதாவது ‘கருப்பழகன்’.

நம் மன்றத்தின் மலருக்கு வாழ்க்கை வரலாறு ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபொழுது, அரசியல் தலைவர் ஒருவரையோ அறிவியல் அறிஞர் ஒருவரையோ நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் இவ்வம்மையாரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. உடல் நலிந்தோர்க்கும் உள்ளம் நலிந்தோர்க்கும் குதிரையின் துணையால் ஆறுதல் அளிக்கும் முறை இன்று பல நாடுகளில் பரவி வருகிறது. நடக்க இயலாத சிறுவர், பிறரோடு பேசிப் பழக இயலாத குழந்தைகள், போர்க்களத்தின் நினைவால் உறக்கம் இழந்த வீரர், துயரில் அமிழ்ந்த இளைஞர் ஆகியோரைக் குதிரையின் அருகே அழைத்துச் சென்று, அதனைத் தேய்த்துவிடவும், நடத்திச் செல்லவும், அதன்மீது அமரவும் பழக்குகின்றனர். இம்முறைக்குப் பெயரே தோன்றாத காலத்தில் இதன் உட்பொருளை வாழ்ந்து காட்டியவர் அன்னா. அதனால்தான் இவரை எழுதுகிறேன்.

நாம் பயிலும் இந்த ஐதராபாத்து நகரமும் குதிரைக்குப் புதிய ஊர் அன்று. ஆறாம் நிசாம் மகபூப் அலிகான் 1886 ஆம் ஆண்டில் குதிரைப் பந்தயத்தை மௌலா அலியிலிருந்து மலக்பேட்டைக்கு மாற்றினார். இந்தியக் காவல் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பெறும் இளைஞர் இந்நகரிலுள்ள தேசியக் காவல் கழகத்தில் குதிரையேற்றம் பயில்கின்றனர். பழைய நகரின் தெருக்களில் மணமகனைச் சுமந்து, விளக்குக்கும் முழவுக்கும் நடுவே செல்லும் வெண்குதிரையை நம்மில் பார்க்காதவர் யார்? பந்தயம் ஓடும் குதிரையைப் பார்த்திருக்கிறோம். ஊர்வலக் குதிரையைப் பார்த்திருக்கிறோம். ஒருவர் துயரைத் தாங்கும் குதிரையைப் பற்றி நாம் எண்ணியதில்லை.

நம் நாட்டிலே குதிரை

தமிழர்க்கு இவ்வெண்ணம் முற்றிலும் அயலானதா? அன்று என்பேன். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ஐயனார் கோயிலுக்குச் செல்லும் வழியெங்கும் மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். நோய் தீர்ந்தால் குதிரை எடுப்பதாக நேர்ந்துகொள்வது ஊர் வழக்கம். என் தம்பிக்குச் சிறு வயதில் நெடுநாள் காய்ச்சல் கண்டபொழுது எங்கள் அப்பத்தா அவ்வாறு நேர்ந்துகொண்டார். காய்ச்சல் தணிந்தபின் வேளார் வீட்டில் சொல்லிச் செய்த குதிரையை ஊரார் சுமந்து சென்று நிறுத்தினர். மருந்து கொடுத்தவர் மருத்துவர்தாம்; ஆயினும் அந்நாள்களில் எங்கள் வீட்டாரின் நெஞ்சு நிலைகுலையாமல் நின்றதற்கு அந்த மண் குதிரையும் ஒரு காரணம் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

இலக்கியத்திலோ வேறு ஒரு காட்சியைக் காண்கிறோம். நொண்டி நாடகம் என்னும் சிற்றிலக்கிய வகையை நம் தமிழ் மாணவர் அறிவர். பொருளைப் பரத்தைக்கு இழந்தவன் குதிரை திருடச் செல்கிறான், பிடிபடுகிறான், கை கால் வெட்டுண்டு நொண்டியாகிறான், பின்னர் இறையருளால் இழந்த உறுப்பைப் பெறுகிறான். திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் முதலியன இவ்வகையின. அங்கே குதிரையால் காலை இழந்தவனைக் காண்கிறோம். அன்னாவின் வாழ்விலோ, காலை இழந்த சிறுமி குதிரையால் கால் பெற்றதைக் காண்கிறோம். இனி அவ்வரலாற்றுக்குள் புகுவோம்.

பிறப்பும் வளர்ப்பும்

அன்னா 1820 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30 ஆம் நாள், இங்கிலாந்தின் கீழைக் கரையிலுள்ள யார்மவுத்து என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை ஐசக் சூவெல், தாய் மேரி. இருவரும் குவேக்கர் என்னும் சமயக் குழுவைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரம் அற்ற உடை, அளவான பேச்சு, போரையும் அடிமை முறையையும் வெறுக்கும் உறுதி ஆகியவை அக்குழுவினரின் இயல்புகள். அன்னாவுக்குப் பிலிப்பு என்ற தம்பி ஒருவர் உண்டு.

தந்தைக்கு வணிகம் கைகொடுக்கவில்லை. கடை நொடித்தது, குடும்பம் இலண்டன் பக்கம் குடிபெயர்ந்தது. வறுமை வந்தபொழுதும் கல்வி நிற்கவில்லை. தாயே ஆசிரியர், வீடே பள்ளி. செடி, பூச்சி, பறவை எனக் கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் உற்றுநோக்கவும், எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதிருக்கவும் மேரி அம்மையார் மக்களைப் பழக்கினார். விடுமுறை நாள்களில் குழந்தைகள் நார்போக்கு மாவட்டத்திலுள்ள உறவினரின் பண்ணைக்குச் செல்வர். அங்கேதான் அன்னா குதிரையேறக் கற்றார். குதிரையின் காது எப்பொழுது முன்சாயும், எப்பொழுது பின்மடியும், எதற்கு அஞ்சும், எதற்கு மகிழும் என்பவற்றை ஏட்டில் படிக்காமல் கொட்டிலில் படித்தார்.

ஒரு மழை நாள்

அன்னாவுக்குப் பதினான்கு வயது. பள்ளியிலிருந்து வீடு திரும்பும்பொழுது மழை பிடித்துக்கொண்டது. விரைந்து ஓடிய சிறுமி வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகியது. சில நாளில் ஆறிவிடும் என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் ஆறவில்லை. செய்த மருத்துவமே கேட்டை மிகுவித்திருக்கலாம் என்று வரலாறு எழுதியோர் கருதுகின்றனர். அன்று முதல் ஊன்றுகோல் இன்றி நிற்கவும், நெடுந்தொலைவு நடக்கவும் அன்னாவால் இயலவில்லை. இடையிடையே சிறிது நலம் தோன்றும். பின் மீண்டும் தளர்ச்சி வரும். ஜெர்மனி நாட்டு நீர்மருத்துவ நிலையங்களுக்கும் பெற்றோர் அழைத்துச் சென்றனர். அங்கே கிடைத்த நலமும் நிலைக்கவில்லை.

பதினான்கு வயது என்பது எத்தகைய வயது! உடலும் உள்ளமும் ஓட விழையும் பருவம். அப்பருவத்தில் நாற்காலியில் அமர்த்தப்பெற்ற ஒருவரின் துயரை நாம் எளிதில் அளந்துவிட முடியாது. வலியைக் காட்டிலும் கொடியது ஒன்று உண்டு. பிறர் கையை எதிர்நோக்கியே வாழவேண்டும் என்ற நிலை அது. எழுவதற்கு ஒருவர், இறங்குவதற்கு ஒருவர், தெருவைக் காண்பதற்கும் ஒருவர் என்றால், யாருக்கும் தாம் பயன்படவில்லை என்ற எண்ணம் நெஞ்சை அரிக்கத் தொடங்கும். அன்னாவையும் அது அரித்திருக்கும். அவரை அதினின்று மீட்டது எது?

கடிவாளம் பிடித்த கை

1836 ஆம் ஆண்டில் தந்தைக்குப் பிரைட்டன் நகரில் வங்கி மேலாளர் வேலை கிடைத்தது. பின்னர் 1845 ஆம் ஆண்டில் குடும்பம் அருகிலுள்ள இலான்சிங்கு என்னும் சிற்றூருக்குச் சென்றது. அங்கிருந்து தந்தை நாள்தோறும் புகைவண்டி ஏறிப் பணிக்குச் செல்லவேண்டும். அவரை நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பதும், மாலையில் அழைத்துவருவதும் யார் வேலை? அன்னாவின் வேலை. நடக்க முடியாத மகள், நடக்கும் தந்தையை வண்டியில் ஏற்றிச் சென்றாள்.

இதனை நான் படித்தபொழுது சற்று நேரம் மேலே படிக்காமல் இருந்தேன். ஊன்றுகோலோடு நிற்கும்பொழுது அன்னா நோயாளி. வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்து கடிவாளத்தைக் கையில் எடுத்த நொடியில் அவர் சாரதி. பிறரை நம்பியிருந்தவர், பிறர் நம்பும் நிலைக்கு உயர்கிறார். குதிரை அவருக்கு வெறும் கால்களை மட்டும் கொடுக்கவில்லை. வீட்டில் ஒரு பொறுப்பைக் கொடுத்தது, நாளுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது, வானத்தையும் வயலையும் கொடுத்தது. இன்றைய உளநல அறிஞர் விரித்துரைக்கும் மருந்து அனைத்தும் அச்சிறு வண்டிப் பயணத்தில் அடங்கியிருந்தது.

அன்னா வண்டி ஓட்டும் முறையும் தனி. சவுக்கைப் பயன்படுத்தமாட்டார், கடிவாளத்தை இறுகப் பிடிக்கமாட்டார், தளரவிட்டு, நண்பரோடு பேசுவது போலக் குதிரையோடு பேசிக்கொண்டே செல்வார். குதிரையும் அக்குரலுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் என்று அவருடன் பயணம் செய்தோர் கண்டனர். உடலால் அடக்கும் வலிமை அன்னாவுக்கு இல்லை. ஆகவே குதிரையின் உள்ளத்தை அறிந்து நடத்துவதே அவருக்கு இருந்த ஒரே வழி. அந்த ஒரு வழியே சிறந்த வழியாகவும் அமைந்தது.

தாயும் மகளும் ஏழைகளுக்கு உதவுவதைக் கடமையாகக் கொண்டவர்கள். நோயுற்றோரைக் காணத் தாய் சிற்றூர்களுக்குச் செல்லும்பொழுதெல்லாம் வண்டி ஓட்டியவர் அன்னா. பின்னர் மேற்கு இங்கிலாந்திலுள்ள விக்கு என்னும் ஊரில் வாழ்ந்த காலத்தில், சுரங்கத்திலும் வயலிலும் உழைத்த தொழிலாளர்க்கு மாலைப் பள்ளி நடத்தினர்; மது விலக்குச் சங்கம் கண்டனர். பகல் முழுதும் உழைத்துக் களைத்து வந்தவர்களின் எதிரே அமர்ந்து எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார் அன்னா. உழைப்பால் நைந்த மனிதரையும் உழைப்பால் நைந்த குதிரையையும் ஒரே கண்ணால் பார்க்கும் பார்வை அவருக்கு அங்கே முதிர்ந்திருக்க வேண்டும்.

இக்காலத்தில் தாயும் நூலாசிரியராகப் பெயர் பெற்றார். அறுபது வயதை ஒட்டி எழுதத் தொடங்கிய மேரி அம்மையாரின் எளிய கதைப் பாடல்கள் இலட்சக்கணக்கில் விற்றன. அவற்றையெல்லாம் முதலில் படித்துத் திருத்தியவர் மகளே. தாய் எழுத, மகள் குறை கண்டாள். பின்னொரு நாள் மகள் சொல்ல, தாய் எழுதும் காலமும் வந்தது.

ஒரு நூலின் பிறப்பு

1867 ஆம் ஆண்டில் குடும்பம் நார்விச்சு நகரை அடுத்த ஓல்டு கேட்டன் என்னும் ஊரில் குடியேறிற்று. மனைவியை இழந்து குழந்தைகளோடு தனித்திருந்த தம்பி பிலிப்புக்கு உதவியாக இருப்பதே இதன் நோக்கம். அங்கே அன்னாவின் உடல் மேலும் நலிந்தது. 1871 ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலைத் தொடங்கினார். வண்டி ஓட்டவும் இயலாமல், படுக்கையே உலகம் என்று ஆன நிலையில், தமக்குக் கால்களாக இருந்த உயிர்களை அவர் நினைத்தார்.

எழுதுவது எளிதாக இல்லை. சில வரி எழுதுவார். பல திங்கள் எழுதமுடியாமல் கிடப்பார். கைக்கு வலிமை உள்ள நாளில் தாளின் துண்டுகளில் பென்சிலால் எழுதுவார். தாய் அதனைப் படியெடுப்பார். வலிமை இல்லாத நாளில் வாயால் சொல்வார், தாய் எழுதிக்கொள்வார். இவ்வாறு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1877 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24 ஆம் நாள், ஜார்ரல்டு நிறுவனத்தாரால் நூல் வெளியிடப்பெற்றது. அன்னா அதனைச் சிறு தொகைக்கு விற்றுவிட்டார். அதன்பின் உலகெங்கும் அந்நூல் ஈட்டிய பெரும்பொருளில் அவருக்குப் பங்கில்லை.

நூலின் புதுமை யாது? கதையைச் சொல்வது குதிரை! கருப்பழகன் என்னும் குதிரையே தன் வரலாற்றைத் தானே கூறுகிறது. தாயோடு புல்வெளியில் திரிந்த இளமை. நல்ல தலைவன் வீட்டில் இஞ்சர் என்னும் செங்குதிரையோடும் மெர்ரிலெக்சு என்னும் மட்டக் குதிரையோடும் கழித்த இன்பநாள். செல்வச் சீமாட்டி ஒருத்தியின் பகட்டுக்காகப் பட்ட கழுத்து நோவு. குடிகாரன் ஒருவன் ஓட்டியதால் முழங்கால் சிதைந்த இரவு. இலண்டன் தெருவில் ஜெர்ரி என்னும் நல்ல வண்டிக்காரனிடம் உழைத்த காலம். இரக்கமற்ற முதலாளியிடம் சுமை தாங்காமல் விழுந்த நாள். இறுதியில் பழைய கொட்டில் சிறுவன் ஒருவன் வளர்ந்து வந்து அடையாளம் கண்டுகொள்ள, அமைதி பெற்ற முதுமை. இவ்வளவும் குதிரையின் கண்ணால் காண்கிறோம். ஒரு காலத்தில் அழகும் வீறும் பெற்றிருந்த இஞ்சர், எலும்பும் தோலுமாகி வாடகை வண்டி இழுத்துச் சாகும் பகுதியைக் கண்ணீர் இன்றிக் கடந்தவர் குறைவு.

மற்றொன்றும் கருதத்தக்கது. அன்னா இந்நூலைக் குழந்தைகளுக்காக எழுதவில்லை. குதிரையோடு நாள்தோறும் பழகும் வண்டிக்காரர்க்கும் கொட்டில் பையன்களுக்கும் எழுதினார். அவர்களைக் கொடியவர் என்று அவர் திட்டவில்லை. வண்டிக்கும் குதிரைக்கும் வாடகை கட்டவேண்டிய வறுமையே பல வண்டிக்காரரைச் சவுக்கெடுக்கச் செய்கிறது என்பதை அவர் கண்டார். வாரம் ஏழு நாளும் ஓய்வின்றி ஓட்டுபவன் குதிரையையும் தன்னையும் சேர்த்தே கொல்கிறான் என்று காட்டினார். நலிந்த மனிதனும் நலிந்த விலங்கும் ஒரே நுகத்தில் கட்டப்பட்டவர்கள் என்பதே நூலின் அடிநாதம்.

தலைதூக்கும் வார்

அந்நாளில் இங்கிலாந்துச் செல்வரிடையே ஒரு வழக்கம் இருந்தது. வண்டிக் குதிரையின் தலை எப்பொழுதும் நிமிர்ந்து நின்றால் பார்வைக்கு மிடுக்காக இருக்கும் என்று எண்ணி, வாயிலுள்ள இரும்பிலிருந்து முதுகுச் சேணத்துக்கு ஒரு வாரை இழுத்துக் கட்டினர். மேட்டில் சுமை இழுக்கும் குதிரை தலையைத் தாழ்த்தித் தோளை முன் சாய்த்தே வலிமையைச் செலுத்தும். அவ்வாறு செய்யவிடாமல் இவ்வார் தடுத்தது. கழுத்து நோவும், வாய் புண்ணாகும், மூச்சுக் குழல் கெடும், கால்கள் விரைவில் தேய்ந்துபோகும். பார்ப்பவர் கண்ணுக்கு மிடுக்கு. தாங்கும் உயிருக்கு நாள் முழுதும் நரகம்.

இக்கொடுமையைக் கதையின் நடுவே வைத்தார் அன்னா. படித்தோர் நாணினர். விலங்கு வதைத் தடுப்புச் சங்கங்கள் நூலைக் கையில் எடுத்தன. அமெரிக்காவில் ஜார்ஜ் ஏஞ்சல் என்னும் அருளாளர் 1890 ஆம் ஆண்டில் தனிப் பதிப்பு வெளியிட்டு, வண்டிக்காரர்க்கும் கொட்டில்காரர்க்கும் வழங்கச் செய்தார். கறுப்பு மக்களின் அடிமை நிலையை உலகுக்கு உணர்த்திய ‘மாமா டாமின் குடிசை’ என்ற நூலோடு இதனை ஒப்பிட்டுப் போற்றினார். அவ்வார் சிறிது சிறிதாக வழக்கொழிந்தது. இன்றுவரை அந்நூல் ஐந்து கோடிப் படிகளுக்குமேல் விற்றதாகக் கூறுவர்.

இவற்றில் எதனையும் அன்னா காணவில்லை. நூல் வரவேற்புப் பெறத் தொடங்கியதை மட்டும் கண்டார். 1878 ஆம் ஆண்டு ஏப்பிரல் 25 ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் வயதில் உயிர் நீத்தார். இறுதி ஊர்வலத்துக்கு வண்டிகள் வந்து நின்றன. சன்னல் வழியே நோக்கினார் எண்பது வயதைக் கடந்த தாய். வண்டிக் குதிரைகளின் கழுத்தில் அதே வார் இறுகியிருந்தது! மகளை இழந்த துயரிலும் அத்தாய் உடனே வெளியே வந்து, எல்லாக் குதிரைகளின் வாரையும் அவிழ்க்கச் செய்தார். குதிரைகள் தலை தாழ்த்தி, தமக்காக வழக்காடிய நங்கையை இலாமாசு என்னும் சிற்றூரின் குவேக்கர் இடுகாட்டுக்குச் சுமந்து சென்றன.

அன்னாவுக்குப் பின்

குதிரைக்கும் நலிந்தோர்க்கும் உள்ள இவ்வுறவு அடுத்த நூற்றாண்டில் ஒரு துறையாகவே வளர்ந்தது. அதற்கு வித்திட்டவருள் ஒருவர் டென்மார்க்கு நாட்டு லிஸ் ஹார்டெல். 1944 ஆம் ஆண்டில், இருபத்து மூன்றாம் வயதில், கருவுற்றிருந்த நிலையில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் தாயின் முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவில்லை. அவர் மீண்டும் குதிரை ஏறினார். ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் பிறர் வேண்டும். ஏறியபின் யார் உதவியும் வேண்டா. 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் போட்டியில் பெண்களும் ஆண்களோடு கலந்துகொள்ள முதன்முறையாக இசைவு கிடைத்தது. அவ்வாண்டிலேயே லிஸ் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956 ஆம் ஆண்டிலும் வென்றார். அவ்வெற்றியைக் கண்ட மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது. நலிந்தோர்க்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் நிலையங்கள் ஐரோப்பாவில் எழுந்தன. பிரிட்டனில் இதற்கெனத் தனிச் சங்கமே 1969 ஆம் ஆண்டில் தோன்றியது.

இம்முறை எவ்வாறு பயன் தருகிறது? குதிரை நடக்கும்பொழுது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைகிறது. மனிதன் நடக்கும்பொழுது இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இவ்வாறே. ஆதலால் தன் காலால் நடவாத சிறுவனின் உடல், குதிரைமீது அமர்ந்து நடையின் தாளத்தைப் பயில்கிறது. இது உடலுக்கு.

உள்ளத்துக்கு வேறு வகையில் உதவுகிறது. குதிரை இயற்கையில் வேட்டையாடப்படும் விலங்கு. அருகில் வருபவரின் மூச்சு, நடை, தசையின் இறுக்கம் ஆகியவற்றை நொடியில் உணர்ந்துவிடும். சினத்தோடு வருபவனைக் கண்டால் விலகும். அமைதியோடு வருபவனை ஏற்கும். நீ ஏழையா செல்வனா, தேர்வில் வென்றாயா தோற்றாயா என்பன அதற்குத் தெரியா. எனவே அதனை அணுக விரும்புபவன் முதலில் தன் மூச்சைத் தணிக்கக் கற்கிறான். கற்றதன் பயனை அப்பொழுதே காண்கிறான். ஏறாமலே, தேய்த்துவிட்டும் நடத்திச் சென்றும் மட்டும் பயன் பெறுவோர் பலர். மருந்துக்கும் மருத்துவர்க்கும் மாற்றாக இதனைக் கொள்ளலாகாது. பயனின் அளவை ஆய்வாளர் இன்னும் ஆராய்ந்து வருகின்றனர். துணையாகக் கொள்வதில் தவறில்லை.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. துயர் தாங்க வந்த குதிரைக்கும் துயர் உண்டு. அதற்கு ஓய்வு வேண்டும். நல்ல உணவு வேண்டும். விருப்பமில்லாதபொழுது விலகிச் செல்லும் உரிமை வேண்டும். குதிரையிடம் நலம் பெற்ற அன்னா, குதிரையின் நலத்தைக் கேட்டே தம் நூலை எழுதினார். பெற்றதைத் திருப்பிக் கொடுத்தார். இந்த நேர்மையே அவர் வாழ்வின் சிறப்பு.

நமக்கு ஒரு சொல்

நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு என்பேன்.

முதலாவது நம் விடுதிகளைப் பற்றியது. ஊரையும் மொழியையும் விட்டு வந்து, பேச ஆளின்றி அறையைத் தாழிட்டுக்கொள்ளும் மாணவர் நம்மிடையே உளர். அவர்களுக்கு நாம் அறிவுரை கூறுகிறோம். உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நல்லதே. ஆயினும் அன்னாவின் தந்தையை எண்ணிப் பாருங்கள். அவர் வேறு வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டிருக்கலாம். மகள் கையில் கடிவாளத்தைக் கொடுத்தார். அவளை நம்பி ஏறி அமர்ந்தார். சோர்ந்திருப்பவனுக்கு நாம் உதவுவதோடு நில்லாமல், அவன் உதவியை நாம் கேட்கவும் வேண்டும். மன்றத்தின் ஒரு சிறு வேலை, ஒரு செடிக்கு நீர் ஊற்றும் பொறுப்பு, விடுதி முற்றத்து நாய்க்குச் சோறிடும் கடமை, இவற்றுள் ஒன்றை அவனிடம் ஒப்படையுங்கள். துயர் முற்றியிருப்பின் தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உடன் நீங்களும் செல்லுங்கள்.

இரண்டாவது இந்நகரின் குதிரைகளைப் பற்றியது. நம் நாட்டில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960 ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதற்கு முன்னோடியாக மாநிலங்களவையில் குரல் கொடுத்து, பின்னர் 1962 ஆம் ஆண்டில் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவராகவும் விளங்கியவர், கலாட்சேத்திரம் கண்ட நம் ருக்மிணி தேவி அம்மையார். அச்சட்டத்தின்கீழ் 1965 ஆம் ஆண்டில் வகுத்த விதிகள், வண்டிக்கும் பொதிக்கும் பூட்டும் விலங்கின் வாயில் முள் பதித்த இரும்பை மாட்டுவதைத் தடை செய்கின்றன. திருமண ஊர்வலத்துக்கு நாம் அழைக்கப்பெறும்பொழுது, மணமகனைப் பார்ப்பதோடு அவரைச் சுமப்பதன் வாயையும் ஒருமுறை பாருங்கள். தண்ணீர் காட்டினார்களா என்று கேளுங்கள். குதிரைக்காரரையும் பகைக்க வேண்டா. அவரும் அன்றைய கூலியை நம்பியே நிற்பவர். அன்போடு கேட்டால் அன்போடு விடை வரும்.

நார்விச்சு நகரில் சூவெல் குடும்பத்தின் பெயரால் ஒரு பூங்கா உண்டு. அதன் வாயிலில் அன்னாவின் நினைவாக 1917 ஆம் ஆண்டில் அவருடைய தம்பி மகள் குதிரைகளுக்கு நீர்த்தொட்டி ஒன்று அமைத்தார். சிலை எழுப்புவோர் சிலை எழுப்பட்டும். வழியில் களைத்து வரும் வாயில்லா உயிர் ஒன்று தலையைத் தாழ்த்தி நீர் பருகினால், அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் அந்நங்கைக்கு வேறு வேண்டுமோ?